கண்டம் செய்த கணினிகள் கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் போன கதை: குமரி மாவட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலிலுள்ள ஒரு பொது அலுவலகம் கண்டம் செய்து, அதாவது பயன்பாட்டிலிருந்து விலக்கி, வைத்திருந்த சுமார் 40 மேசைக் கணினிகளைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தது. அவற்றில் பிழைத்தவை மாவட்டத்தின் இரண்டு ஓரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பங்கு முட்டத்துக்கு மேற்கே உள்ள ஒரு மீனவர் ஊரின் வாசகசாலைக்கும், மறு பங்கு குலசேகரத்தைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரின் படிப்பகத்துக்கும் கிடைத்தன. அவற்றைப் பெற்று, சரிசெய்து, கொண்டு சேர்த்த சிறு குழுவில் நானும் இருந்தேன். அலுவலகத்தின் பெயரையும் ஊர்களின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இங்கே பேசப்படும் நடைமுறை ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. பதிவேடும் ஏலமும் உள்ள எந்த அலுவலகத்திலும் இதுதான் நடக்கிறது. இத்தகைய கொடைகள் பயனற்றுப் போவதற்குக் கொடுக்க மனமில்லாமை காரணம் அல்ல என்பதும், கொடுப்பதற்குள் காலம் கடந்துவிடுவதே காரணம் என்பதும் இந்த நிகழ்விலிருந்து எனக்குத் தெளிவாயிற்று.

எழுத்தறிவில் முதலிடம், விசைப்பலகையில் இல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் குமரி மாவட்டம் தமிழகத்தில் முதலிடத்தில் இருந்தது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு திறன்பேசி உண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் மகனோடும், ஆழ்கடலுக்குப் போய்த் துறைமுகம் திரும்பும் கணவனோடும் அதில்தான் பேசுகிறார்கள். எண்ணிமப் பிளவு, அதாவது கணினியும் இணையமும் கிட்டியவர்களுக்கும் கிட்டாதவர்களுக்கும் இடையிலான இடைவெளி, என்ற சொல் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது என்று நினைப்பவர்கள் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் கையில் பேசி இருப்பதும் மேசையில் கணினி இருப்பதும் ஒன்றல்ல. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று, அதாவது 2017-18-இல் நடந்த கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 10.7 விழுக்காடு குடும்பங்களிடம்தான் கணினி இருந்ததாகக் காட்டியது, நகரங்களில் 23.4, ஊரகங்களில் வெறும் 4.4. பேசி பரவிய வேகத்தில் கணினி பரவவில்லை. பேசி வந்துவிட்டதே என்று பலர் கணினியைத் தேவையற்றதாகவும் கருதத் தொடங்கிவிட்டார்கள்.

தேவை எங்கே தெரிகிறது என்றால், விண்ணப்பம் போடும் நாளில் தெரிகிறது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் மதிப்பெண்ணோடும் முந்தைய ஆண்டின் தரவரிசையோடும் ஒப்பிட்டு விருப்ப வரிசையை அமைக்க வேண்டும். ஒரு பக்கம் பட்டியலும் மறுபக்கம் படிவமும் திறந்திருந்தால்தான் அது நடக்கும். உள்ளங்கை அளவுத் திரையில் மேலும் கீழும் இழுத்து அதைச் செய்யும் பிள்ளை, கடைசியில் யாரோ சொன்ன ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறது. போட்டித் தேர்வு விண்ணப்பங்களிலும் படத்தையும் கையொப்பத்தையும் குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். இதற்காகப் பிரவுசிங் சென்டருக்குப் போனால் பணம் கொடுக்க வேண்டும்; அதைவிட முக்கியமாக, தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பும் வாய்ப்பு போய்விடுகிறது. அங்கே இருப்பவர் அவசரத்தில் தட்டிய தந்தை பெயரோ பிறந்த தேதியோ பிழையாகி, சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கிக்கொண்டவர்களை இந்த மாவட்டத்தில் எந்த ஊரிலும் காணலாம்.

கடற்கரை ஊர்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆண்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பதால் வீட்டின் ஆவண வேலை முழுவதும் பெண்களின் தலையில் விழுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இக்கரையைத் தாக்கியபோது, காணாமற்போனவர்களின் குடும்பத்துப் பெண்கள் மனுவையும் நகலையும் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நின்றதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஊரிலேயே மனு தட்டவும் ஆவணத்தை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து வைக்கவும் ஓர் இடம் வேண்டும் என்று வாசகசாலைக்காரர்கள் கேட்டது அந்த நினைவிலிருந்துதான்.

அரசு மடிக்கணினிகள் கொடுத்ததை இங்கே குறைத்துச் சொல்லக் கூடாது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு முதல் கணினியாக இருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கான கருவிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் அவை தனி மாணவரின் கையில் சேரும் பொருள்கள். படிப்பை முடித்து வேலைக்குத் தயாராகிறவர், சுய உதவிக் குழுவின் கணக்கு எழுதுகிற அக்காள், மனு எழுத வந்த முதியவர் ஆகியோருக்குப் பொதுவான ஒரு மேசை தேவைப்படுகிறது. பழைய கணினிகள் பொருந்தும் இடம் அதுதான்.

பூட்டிய அறையில் நடந்தது

அலுவலகத்தில் புதிய கணினிகள் வந்தவுடன் பழையவை மேசையிலிருந்து இறங்கின. அப்போது அவற்றில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருந்தன. இருப்புப் பதிவேட்டிலிருந்து ஒரு பொருளை நீக்க வேண்டுமானால் அதன் நிலையைச் சான்றளிக்க ஒரு குழு வேண்டும். குழுவின் அறிக்கைக்கு ஒப்புதல் வேண்டும். ஏலம் விடுவதா வேறு வகையில் தீர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தக் கோப்பு நகர்ந்து திரும்பும்வரை இயந்திரங்கள் பின்கட்டில், பழைய ரசீதுப் புத்தகங்களோடு ஒரு பூட்டிய அறையில் அடுக்கப்பட்டிருந்தன. அப்படியே சில ஆண்டுகள் போயின. யாரும் கடமை தவறவில்லை. அரசுப் பொருளைக் கணக்கில்லாமல் வெளியே விடக் கூடாது என்ற விதி நல்ல காரணத்துக்காகவே இருக்கிறது; ஊழலைத் தடுக்கும் விதி அது. ஆனால் அந்த விதி காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த மாவட்டத்தின் காற்றையும் அது கணக்கில் எடுப்பதில்லை. குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. சுமார் 70 கிலோமீட்டர் நீளக் கடற்கரையை ஒட்டிய மாவட்டத்தில் உப்பும் ஈரமும் கலந்த காற்று உள்நாடு வரை வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டினாலேயே ஓரளவு உலர்ந்திருக்கும். அணைத்து மூடிய அறையில் வைத்த கணினியின் மேல் ஈரம் படிந்து நிற்கிறது. உப்பு அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. செம்பும் வெள்ளீயமும் அரிக்கத் தொடங்குகின்றன.

முதல் பெட்டியைத் திறந்தபோது நாங்கள் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பக்கத் தகட்டின் திருகுகள் துருவேறித் திருப்புளிக்கு அசையவில்லை. உள்ளே விசிறியின் இறக்கைகளில் தூசு பஞ்சுபோல அடைந்திருந்தது. நினைவகப் பட்டையை உருவியெடுத்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய அதன் பற்கள் பச்சை படர்ந்து கிடந்தன. பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்து, தூரிகையால் தட்டி, மறுபடி பொருத்தியபோது சில இயந்திரங்கள் உடனே உயிர்பெற்றன. வேறு சிலவற்றில் தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் தலை உப்பியிருந்தன. அவற்றுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் நேரத்தைக் காக்கும் காசு வடிவ மின்கலம் செத்திருந்தது. பல ஆண்டுகளாக நாகர்கோவிலில் கணினி பழுதுபார்க்கும் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். அவர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஓடிக் கெட்டதில்ல சார், சும்மா கெடந்து கெட்டது" என்றார். இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

வந்தவற்றில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறின. அந்தப் பாதியும் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாற்றிப் பொருத்தியதால் கிடைத்தது. மேசையிலிருந்து இறங்கிய மாதமே வந்திருந்தால் மிகச் சிலவே வீணாகியிருக்கும் என்பது பழுதுபார்த்தவரின் கணிப்பு. நானும் அதை ஏற்கிறேன்.

தரவு அழிப்பும் தாளும்

அலுவலகம் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது நியாயமானது. பொது அலுவலகக் கணினியின் வன்தட்டில் ஆதார் நகலும் குடும்ப அட்டை விவரமும் கைப்பேசி எண்களும் கிடக்கும். கோப்பை அழித்தாலும், வன்தட்டை மறுவடிவமைத்தாலும், உள்ளே இருப்பது முழுதாகப் போய்விடாது. சாதாரண மீட்பு மென்பொருளால் அதைத் திரும்ப எடுக்க முடியும். தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்த பிறகு, இதில் அலுவலகம் அஞ்சுவது இயல்பே.

எனவே முதல் ஒப்பந்தமே தரவு பற்றியதாக இருந்தது. ஒவ்வொரு வன்தட்டும் அலுவலக வளாகத்துக்குள்ளேயே, அவர்களின் ஊழியர் ஒருவர் முன்னிலையில், முழுவதும் மேலெழுதி அழிக்கப்பட்டது. காந்த வன்தட்டுக்கு ஒருமுறை முழுமையாக மேலெழுதினால் போதும் என்பதை அமெரிக்கத் தர நிறுவனத்தின் வழிகாட்டுதல் ஏற்கிறது. திண்மநிலை வட்டுக்கு (எஸ்எஸ்டி) அது போதாது, அதன் கட்டுப்பாட்டகத்துக்கே அழிப்பு ஆணையைக் கொடுக்க வேண்டும். அழித்த வன்தட்டின் வரிசை எண், தேதி, செய்தவர் கையொப்பம், பார்த்தவர் கையொப்பம் என ஒரு தாள் ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்டது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஒரு வன்தட்டு முடிய மணிக்கணக்கில் ஆயிற்று. ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான் அலுவலகத்தின் தயக்கம் நீங்கியது. இனி யார் இப்படி ஒரு கொடையைக் கேட்டுப் போனாலும், இயந்திரத்தின் தேவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அழிப்புத் தாளின் மாதிரியை எடுத்து மேசையில் வைப்பது நல்லது.

சட்டத்தில் கவனிக்க வேண்டிய மற்றொன்று மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள இவ்விதிகளின்படி, கழிவாகத் தள்ளப்பட்ட மின்னணுப் பொருளைப் பதிவு பெற்ற உற்பத்தியாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பாளரிடமோதான் சேர்க்க வேண்டும். ஓடும் கணினியை மறுபயன்பாட்டுக்குக் கொடுப்பது கழிவைத் தள்ளுவது ஆகாது. ஆகவே பதிவேட்டில் எல்லாவற்றையும் ஒரே வரியில் உதவாதவை என்று எழுதிவிட்டால், நல்ல இயந்திரத்துக்கும் கழிவின் பாதை மட்டுமே மிஞ்சும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் 217-ஆவது விதியில் உபரி, காலாவதி, பழுது ஆகியவற்றை வெவ்வேறு நிலைகளாகவே குறிப்பிடுகின்றன. அது மத்திய அலுவலகங்களுக்கான விதி. ஆனால் அந்தப் பிரிவினையை எந்த அலுவலகமும் பின்பற்றலாம். எங்களுக்குத் தேறாமல் போனவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அலுவலகமே ஒப்படைத்தது. இது மிகவும் முக்கியம். இல்லாவிட்டால் அவை பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போய், செம்புக்காக எரிக்கப்பட்டு, புகை ஊரின்மேல் கவிந்திருக்கும்.

தமிழில் ஓடும் கணினி

தேறிய இயந்திரங்களில் பழைய வன்தட்டை நீக்கித் திண்மநிலை வட்டைப் பொருத்தியது எங்கள் செலவில் பெரிய பங்கு. பலனிலும் அதுவே பெரிது. தொடங்கவே நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்ட கணினி அதன்பின் அரை நிமிடத்துக்குள் தயாராயிற்று. இயங்குதளமாக இலகுவான லினக்ஸ் ஒன்றைத் தேர்ந்தோம். உரிமக் கட்டணம் இல்லை, குறைந்த நினைவகத்திலும் ஓடும். லினக்ஸ் இந்த மக்களுக்குக் கடினம் என்று பலர் எச்சரித்தார்கள். அவர்களுக்கு நான் களியக்காவிளைக்கு அப்பால் காட்டினேன். எல்லையைத் தாண்டினால் பாறசாலை; கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் என்ற அரசுத் திட்டத்தின் காலம் தொட்டு, இப்போது அதன் வழிவந்த கைட் என்ற அரசு நிறுவனத்தின் கீழும், பிள்ளைகள் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். 2018 முதல் அங்கே லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களும் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. ஒரே மழை, ஒரே ரப்பர், ஒரே கடல் கொண்ட அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முடிவது இங்குள்ளவர்களுக்கு முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

விசைப்பலகையாகத் தமிழ் 99 முறையை நிறுவினோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட அமைப்பு அது. பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைத்துப் பழகிய இளைஞர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அது விரைவில் கைவந்தது. மலையடிவாரத்துப் படிப்பகத்தில் இணைய இணைப்பு மழைக்காலத்தில் நாள்கணக்கில் அறுந்துவிடும் என்பதால், தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் தொகுப்பையும், மாநிலப் பாடநூல்களையும், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களையும் ஒரு கணினியில் ஏற்றி மற்றவற்றை அதோடு இணைத்தோம். அங்கே வந்த காணிப் பழங்குடி இனத்துப் பிள்ளைகள் சிலர் அந்தக் கலைக்களஞ்சியத்தில் முதலில் தேடியது பேச்சிப்பாறை அணையையும் யானையையும்.

ஒரே கொடை, இரண்டு விளைவுகள்

கடற்கரை வாசகசாலையின் பொறுப்பை ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை ஏற்றிருந்தார். ஊர் முழுவதும் அவரை டீச்சர் என்றே அழைக்கிறது. மாலையில் திறந்து இரவு பூட்டும்வரை அவர் அங்கேயே இருந்தார். யார் எந்தக் கணினியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினார். திடீரென்று மின்விசையை அணைக்கப் போகும் சிறுவனைப் பார்த்து, "மொதல்ல கம்ப்யூட்டர ஆஃப் பண்ணு மக்ளே, பொறவு ஸ்விட்ச அணை" என்று அவர் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு கலந்தாய்வுக்கு அங்கே உட்கார்ந்து விருப்ப வரிசை போட்ட ஒரு மாணவி, தன் சித்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரை தினமும் போய்வரக்கூடிய கல்லூரிகளை ஒரு தாளில் குறித்து, விடுதிச் செலவையும் பேருந்துச் செலவையும் கூட்டிப் பார்த்து, வரிசையை நான்கைந்து முறை மாற்றி அமைத்தார். பேசித் திரையில் அந்த ஆலோசனை நடந்திருக்காது. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் அளவுக்கு அது பெரிதன்று.

மலையடிவாரத்தில் இயந்திரங்கள் இதே தரத்தில்தான் போய்ச் சேர்ந்தன. ஆனால் சாவியை வைத்திருந்தவர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். அதிகாலை வேலை முடித்து வந்து அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தார்கள். அவர்மேல் குறை சொல்ல முடியாது. படிப்பகம் பல நாள் பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்த கணினிகள் மறுபடியும் ஈரம் பிடித்தன. தடையில்லா மின்வழங்கியின் (யுபிஎஸ்) மின்கலம் ஒன்று செயலிழந்தபின், மின்னழுத்தம் ஏறி இறங்கும் அந்தப் பகுதியில் இரண்டு மின்வழங்கிப் பெட்டிகள் அடுத்தடுத்து எரிந்தன. பின்னர் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழு சாவியை வாங்கிக்கொண்டது. குழுவின் கணக்கைக் கணினியில் எழுதத் தொடங்கியதால் அவர்களுக்கே அந்த அறை தேவைப்பட்டது. அறை தினமும் திறந்தது. நிலைமை மெல்லச் சீரானது.

வெளிநாட்டு நகரங்களின் அனுபவமும் இங்கே ஒப்பிடத் தக்கது. லாஸ் ஏஞ்சலஸ் நகர நிர்வாகம் மேயர் எரிக் கார்செட்டியின் காலத்தில் தன் உபரிக் கணினிகளைப் புதுப்பித்துக் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குக் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. போர்ட்லாந்து நகரில் 2000-இல் தொடங்கிய ஃப்ரீ கீக் என்ற அமைப்பு, 24 மணி நேரம் தன்னார்வமாக வேலை செய்தவர் ஒரு கணினியை எடுத்துச் செல்லலாம் என்ற முறையைக் கடைப்பிடித்தது. இரண்டாவது முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். கணினியைப் பெறுகிறவர் அதைக் கழற்றிப் பூட்டவும் கற்றுக்கொண்டு போகிறார்; பழுதானால் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் தொழிற்பயிற்சி நிலையங்களும் பொறியியல் கல்லூரிகளும் பலதொழில்நுட்பக் கல்லூரிகளும் நெருக்கமாக உள்ளன. அலுவலகத்துக்கும் வாசகசாலைக்கும் நடுவே அவற்றின் பட்டறையை வைத்தால், மாணவருக்குப் பயிற்சியும் ஊருக்குக் கணினியும் ஒரே வேலையில் கிடைக்கும்.

இப்போது ஏன் அவசரம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ கேட்கிறது. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் அலுவலகங்களிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் பெருமளவில் மேசையை விட்டு இறங்குகின்றன. எங்களுக்குக் கிடைத்தவற்றைவிட இவை வலிமையானவை. லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். இவையும் பூட்டிய அறைக்குள் போய்ச் சில மழைக்காலங்களைக் கழித்துவிட்டால், அதே பச்சை படர்ந்த பற்களைத்தான் நாம் மீண்டும் தேய்த்துக்கொண்டிருப்போம்.

அலுவலகத்திடம் இந்த முறை எழுத்து மூலம் மூன்று வேண்டுகோள்களை வைத்திருக்கிறோம். புதிய கணினிக்கான கொள்முதல் கோப்பிலேயே பழையது எங்கே போகும் என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும். நிலைச் சான்றில் ஓடுவதும் ஓடாததும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். தரவு அழிப்பை, இயந்திரம் மேசையிலிருந்து இறங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். அதிகாரிகள் முதலிரண்டையும் ஏற்கும் மனநிலையில் இருக்கிறார்கள். மூன்றாவதற்கு ஓர் ஊழியரை ஒதுக்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. மின்கலம் மாற்றும் செலவுக்குக் கடற்கரை ஊரில் தேவாலயத்தின் பங்குப் பேரவை பொறுப்பேற்றிருக்கிறது. மலையடிவாரத்தில் மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கிறது. அடுத்த தொகுதி இயந்திரங்களைத் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறோம்.